வீட்டில் செய்த நார்மன் டூல் போஸ்ட்: எட்டு மாத அனுபவம்

என் லேத் (கடைசல் இயந்திரம்) சின்னது. சென்டர் உயரம், அதாவது படுகையிலிருந்து சுழலும் மையம் வரை, 90 மி.மீ. கோவை கணபதியில் வீட்டுப் பின்கட்டில் ஒரு இரும்பு மேசைமேல் நிற்கிறது. கூடவே வந்தது, நான்கு பக்கமும் டூல் பிடிக்கும் சதுர டூல் போஸ்ட். அதில் டூல் முனை சென்டருக்கு வர அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்தே ஆகவேண்டும். உடைந்த ஹேக்சா பிளேடு, டின் தகடு என்று ஒரு டப்பா நிறைய சேர்த்து வைத்திருந்தேன். டூலைச் சாணை பிடித்தால் முனை கொஞ்சம் இறங்கிவிடும், மறுபடி தகடு தேட வேண்டும். ஒரு புஷ் (துளையுள்ள உருளை) கடைய நின்றால் பாதி நேரம் இதற்கே சரியாகப் போகும்.

முதலில் ஆன்லைனில் ஒரு அலுமினிய குயிக் சேஞ்ச் செட் (டூலை ஹோல்டரோடு சட்டென மாற்றும் வகை) வாங்கினேன். இரண்டே மாதத்தில் டூலை இறுக்கும் ஸ்குரூக்களின் மரை போய்விட்டது. பார்ட்டிங் (கம்பியை வெட்டித் துண்டாக்குவது) போட்டால் ஹோல்டர் தலையாட்டுவது கண்ணுக்கே தெரிந்தது. அந்தக் காசு வீண்.

அப்புறம்தான் நார்மன் வகைக்கு வந்தேன். நடுவில் ஒரு உருண்டைத் தூண். அதில் மேலிருந்து இறங்கும், டூலைப் பிடிக்கும் இரும்புக் கட்டை. கட்டையில் ஒரு அறுப்பு, குறுக்கே 8 மி.மீ. ஆலன் போல்ட். இறுக்கினால் கட்டை தூணைச் சுற்றிலும் கவ்விக்கொள்ளும். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு உயர ஸ்குரூ உண்டு. அதன் அகலமான தலை தூணின் உச்சியில் வந்து உட்காரும். ஒருமுறை உயரத்தை வைத்து லாக் நட் போட்டுவிட்டால் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அதே உயரம்தான். டவ்டெயில் (புறா வால் வடிவப் பள்ளம்) வெட்டும் வேலையே இல்லை.

உக்கடம் பழைய இரும்புக் கடையில் 50 மி.மீ. சதுரக் கம்பியும் 32 மி.மீ. ஷாஃப்ட் துண்டும் எடை போட்டு வாங்கினேன். ஷாஃப்டை 28 மி.மீ.க்குக் கடைந்தால் தூண் தயார். 40 மி.மீ. உயரத்துக்கு அறுத்த கட்டைகளை ஃபோர் ஜா சக்கில் (நான்கு தாடை உள்ள பிடி) பிடித்து, தூணையே கேஜாக வைத்து போரிங் (துளையை உள்ளே கடைந்து பெரிதாக்குவது) போட்டேன். டூல் உட்காரும் காடியை மட்டும் பக்கத்து மில்லிங் பட்டறையில் போட்டுக்கொண்டேன். நான்கு கட்டைக்கும் எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய்க்குள் முடிந்தது.

முதல் கட்டை வீணானது. அறுப்பைப் போட்ட பிறகு போரிங் செய்ததால் துளை உருண்டையாக வரவில்லை. பட்டறை அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மொதல்லயே அறுத்துப் போட்டராதீங்க தம்பி, துளை வாயப் பொளந்துக்கும்" என்றார். அடுத்த நான்கிலும் போரிங், காடி எல்லாம் முடித்து, கடைசியில்தான் அறுத்தேன். கை ஹேக்சாவில் ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் ஆனது.

இப்போது டூல் மாற்ற 15 விநாடி போதும். ஃபேசிங் (கம்பியின் முகத்தைத் தட்டையாகக் கடைவது) போட்டால் நடுவில் பொட்டு மிஞ்சுவதில்லை. 20 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கம்பியில் 2 மி.மீ. பார்ட்டிங் டூல் அதிராமல் இறங்குகிறது. இந்த லேத்தில் அது நடக்கும் என்றே நான் நினைத்ததில்லை!

குறை ஒன்று, அது பெரிய குறை. உயரம் நினைவிருக்கும், கோணம் நினைவிருக்காது. கட்டை தூணைச் சுற்றித் திரும்பும் என்பதால் மாட்டும்போதெல்லாம் நேர் பார்க்க வேண்டும். சக் முகத்தில் கட்டையை ஒட்ட வைத்து இறுக்குகிறேன், பார்ட்டிங்குக்கு அது போதும். மரை வெட்டும்போது மட்டும் வேலை முடியும்வரை டூலைக் கழற்றவே கூடாது. ஒரே பாகத்தை ஐம்பது, நூறு என்று கடைபவர்களுக்கு இது சரிவராது, ஸ்டீலில் செய்த வெட்ஜ் வகை (ஆப்பு வைத்து இறுக்கும்) டூல் போஸ்ட் வாங்குங்கள். வாங்கும்போது 0எக்ஸ்ஏ அளவு கேளுங்கள். அடுத்த பெரிய அளவான ஏஎக்ஸ்ஏ 10, 12 அங்குல விட்டம் சுழலும் லேத்துகளுக்கானது, நம் சின்ன லேத்துக்கு உயரம் அதிகம்.

ஒன்றிரண்டு பாகம் கடையும் என்னைப் போன்றவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன், செய்யுங்கள். ஐந்தாவது கட்டைக்கு இரும்பு வாங்கி வைத்துவிட்டேன். அது நர்லிங்குக்கு (கைப்பிடி வழுக்காமலிருக்கச் சொரசொரப்பாக வரி போடுவது).