வார்டு மக்களோடு பேச வாட்ஸ்அப் குரூப்பா, சேனலா?

மதுரை மாநகராட்சியில் 100 வார்டுகள். ஒரு வார்டிலேயே பல ஆயிரம் பேர். குரூப்பில் 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். சேனல் என்பது நடத்துபவர் மட்டும் பதிவிட, மற்றவர்கள் படிக்கும் வசதி; அதில் இந்த இரண்டு தொல்லையும் கிடையாது. 'நாளை காலை 6 மணிக்குத் தண்ணீர்' என்று கவுன்சிலர் அறிவிக்க அதுவே போதும்.

ஆனால் பாதாளச் சாக்கடை பொங்கினால் சேனலில் நாமாகச் சொல்ல வழியில்லை, எமோஜி போடலாம்! புகாருக்குக் குரூப்தான். அங்கேயும் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புகார் புதைந்துவிடும். அதனால் தெருவுக்கொரு சிறு குரூப் நல்லது. 'எங்க தெருவில் லைட் எரியலை' என்று மட்டும் எழுதினால் நகராது; தெருப்பெயர், கம்ப எண், போட்டோ மூன்றும் வேண்டும். அப்போதுதான் கவுன்சிலர் அதை அப்படியே பொறியாளருக்கு அனுப்ப முடியும்.