மலையில் இருப்பவர்களுக்கு எது ஏற்றது: உடனே பதிக்கும் கருவா, உறையவைத்த கருவா?

சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சையில் (ஐவிஎஃப்), முட்டை எடுத்த ஐந்தாம் நாளே கருவைக் கருப்பையில் வைத்துவிடுவதா, அல்லது எல்லாக் கருக்களையும் உறையவைத்துவிட்டு ஓரிரு மாதம் கழித்து வைப்பதா என்ற கேள்வியைச் சென்ற ஆண்டு செப்டம்பரில் கோவையில் மருத்துவர் எங்கள் முன் வைத்தார். மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரி வந்து சேரும்வரை நானும் கணவரும் வேறெதுவும் பேசவில்லை. மருத்துவமனையில் முதலாவதை ஃபிரெஷ் என்றும் இரண்டாவதை ஃப்ரோசன் என்றும் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். நாங்கள் ஃப்ரோசனைத் தேர்ந்தெடுத்தோம். முதல் கரு தங்கவில்லை, இரண்டாவது தங்கியது. இப்போது எனக்கு 28ஆவது வாரம் நடக்கிறது. நீலகிரியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ மலையிறங்கிச் சிகிச்சைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். மருத்துவமனைக்கு ஆட்டோவில் போய்விடக்கூடியவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது.

இரண்டு முறைகளுக்கும் முதல் பாதி ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி, இடையிடையே ஸ்கேன், பிறகு மயக்கம் கொடுத்து ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி வழியாக முட்டைகளை உறிஞ்சி எடுப்பது என எதிலும் வித்தியாசம் இல்லை. செலவில் ஃபிரெஷ் குறைவு. உறையவைக்கவும், உருக்கவும், ஆண்டுதோறும் பாதுகாக்கவும் ஃப்ரோசனுக்குத் தனித்தனியே கட்டணம் உண்டு. காத்திருப்பும் ஃப்ரோசனில்தான் அதிகம். பல ஆண்டுகள் ஏங்கியவர்களுக்கு இன்னும் இரண்டு மாதம் என்பது சிறிய விஷயமல்ல என்பதை நான் அறிவேன்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறொன்று. எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை, அதாவது பிசிஓஎஸ், இருக்கிறது. இப்படிப்பட்ட சினைப்பைகள் ஊசிக்கு மிகையாகப் பதில் கொடுக்கும். எனக்கு 21 முட்டைகள் வந்தன. முட்டைகள் நிறைய வருவது நல்லதென்றே முதலில் நினைத்திருந்தேன். ஆனால் அதோடு சேர்ந்து வருவது ஓஎச்எஸ்எஸ் எனப்படும் மிகைத்தூண்டல் சிக்கல். இதில் இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்கும், சிறுநீர் குறையும், இரத்தம் கெட்டியாகும், முற்றினால் மூச்சுத் திணறும். இதைக் கிளப்பிவிடுவது ஹெச்.சி.ஜி. ஹார்மோன். முட்டைகளை முதிரவைக்க 36 மணி நேரத்துக்கு முன்னால் போடும் கடைசி ஊசியில் வழக்கமாக இருப்பது அதுதான். கரு தங்கிவிட்டால் உடலே சுரப்பதும் அதையேதான். ஃபிரெஷ் முறையில் கரு வெற்றிகரமாக ஒட்டிக்கொள்வதே இந்தச் சிக்கலை முற்றவைக்கும், அதுவும் முட்டை எடுத்து ஒரு வாரம் பத்து நாள் கழிந்து, வீட்டுக்குத் திரும்பிய பிறகு. எல்லாக் கருக்களையும் உறையவைப்பதாக முடிவு செய்துவிட்டால் கடைசி ஊசிக்கு லியூப்ரோலைடு போன்ற மாற்று மருந்தைப் பயன்படுத்தலாம், அந்த மாதத்தில் கர்ப்பமும் இருக்காது. ஆகவே வீக்கம் வந்தாலும் பெரும்பாலும் தானே வடிந்துவிடும்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. காலையில் எடை, தொப்புள் மட்டத்தில் தையல் டேப்பால் வயிற்றின் சுற்றளவு, ஒரு நாளில் கழித்த சிறுநீரின் அளவு ஆகிய மூன்றையும் சுவர்க் காலண்டரின் கட்டங்களில் எழுதி வந்தேன். முட்டை எடுத்த மூன்றாம் நாள் எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. நைட்டியைத் தவிர வேறெதுவும் போட முடியவில்லை. நான்காம் நாள் இரவு முழுவதும் மழை. விடிந்தபோது குஞ்சப்பனைக்கு மேலே மரமும் மண்ணும் சாலையில் விழுந்து கிடப்பதாகச் செய்தி வந்தது, மாலைவரை மேட்டுப்பாளையத்துக்குப் பேருந்து ஓடவில்லை. குன்னூர் வழியாகச் சுற்றிப் போகலாமென்றால் பர்லியார் பக்கமும் வண்டிகளை நிறுத்தி நிறுத்தித்தான் விட்டார்கள். அன்று எனக்கு மூச்சுத் திணறல் இல்லை, ஏழாம் நாள் மாதவிலக்கு வந்ததும் வயிறு வடியத் தொடங்கியது. ஆனால் வயிற்றில் அப்போதுதான் ஒரு கரு ஒட்டியிருந்து, வீக்கம் ஏறிக்கொண்டே போயிருந்தால் அந்தப் பகலை எப்படிக் கழித்திருப்போம் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. 2009 நவம்பர் நிலச்சரிவைப் பார்த்த எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் ஐப்பசி, கார்த்திகையில் சாலையை நம்பி ஒரு தேதியை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஃபிரெஷ் முறையில் தேதியைக் குறிப்பது சினைப்பை. ஃப்ரோசனில் கருவை வைக்கும் நாளைச் சில வாரங்களுக்கு முன்பே நாம் குறித்துக்கொள்ளலாம். நாங்கள் மழை ஓய்ந்த தை மாதத்தைக் குறித்தோம்.

ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன, ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி அல்ல. பிசிஓஎஸ் உள்ள 1,508 பெண்களிடம் சீனாவில் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வில், உயிருடன் குழந்தை பிறந்தது ஃப்ரோசனில் 49.3 விழுக்காடு, ஃபிரெஷில் 42 விழுக்காடு. ஓஎச்எஸ்எஸ் முறையே 1.3, 7.1 விழுக்காடு. மாதவிலக்கு சீராக வரும் பெண்களிடம் சீனாவிலும், பிசிஓஎஸ் இல்லாத பெண்களிடம் வியட்நாமிலும் நடந்து 2018இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளில் பிறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே முட்டைகள் குறைவாக வருபவர்கள், மருத்துவமனைக்கு அருகிலேயே இருப்பவர்கள், ஃபிரெஷ் வேண்டாமென்று ஒதுக்கக் காரணம் இல்லை. சிங்காநல்லூரில் இருக்கும் என் ஓரகத்திக்கு ஏழே முட்டைகள்தான் கிடைத்தன. ஃபிரெஷில் முதல் முறையே தங்கி, பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. அவளுடைய சூழ்நிலையில் நானும் அதையே செய்திருப்பேன்.

வீட்டில் இருந்த தயக்கம் வேறு வகை. "உறைய வெச்சதுக்கு உயிர் இருக்குமா கண்ணு?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. பழைய முறையில் மெதுவாகக் குளிரவைக்கும்போது செல்லுக்குள் பனிப்படிகம் உண்டாகி அதன் சவ்வைக் கிழித்துவிடும் ஆபத்து இருந்தது. இப்போது செய்யும் விட்ரிஃபிகேஷனில் கருவிலிருக்கும் நீரைப் பெருமளவு வெளியேற்றி, பாதுகாப்புத் திரவத்தில் ஊறவைத்து, கண் இமைக்கும் நேரத்தில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்கிவிடுகிறார்கள். நீர் படிகமாகாமல் கண்ணாடிபோல் உறைந்துவிடுகிறது. நல்ல ஆய்வகத்தில் ஐந்து நாள் கருக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் உயிரோடு மீள்கின்றன. 1978 அக்டோபர் 3ஆம் தேதி கொல்கத்தாவில் பிறந்த இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையே உறையவைத்த கருவிலிருந்து உருவானதுதான் என்று அத்தையிடம் சொன்னேன். அதைச் சாதித்த மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயை அவர் உயிரோடிருந்தவரை அரசுக் குழு நம்பவில்லை. 1981இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அத்தை நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை, அதன் பிறகு அந்தக் கேள்வியையும் கேட்கவில்லை.

கருவை வைக்கும் நாள் காலையில் உருக்கிய கருவைத் திரையில் காட்டினார்கள். முதலில் அது சுருங்கி, தன்னைச் சுற்றியுள்ள மெல்லிய ஓட்டுக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி காட்டியபோது நீரை வாங்கி விரிந்து, ஓட்டை நிறைத்து உருண்டையாக இருந்தது. அந்தக் கரு தங்கவில்லை. ஆனாலும் அந்தக் காட்சியை நான் மறக்கவில்லை.

ஃப்ரோசனின் குறையையும் சொல்லியாக வேண்டும். நான் மேலே சொன்ன 2016 ஆய்விலேயே பிரீ-எக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறும் சிக்கல், ஃபிரெஷில் 1.4 விழுக்காடாகவும் ஃப்ரோசனில் 4.4 விழுக்காடாகவும் இருந்தது. இயற்கையான சுழற்சியில் முட்டை வெளியேறாமல், மாத்திரையால் மட்டும் கருப்பைச் சுவரை வளர்த்துக் கரு வைக்கும்போது இந்த ஆபத்து கூடுகிறது. மாதவிலக்கு ஒழுங்காக வருபவர்கள் இயற்கைச் சுழற்சியிலேயே வைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். எனக்கு அந்த வழி இல்லை, மாத்திரைதான். அதனால் குறைந்த அளவு ஆஸ்பிரினும், வாரம் இருமுறை இரத்த அழுத்தப் பரிசோதனையும் தொடர்கின்றன, இதுவரை ஏறவில்லை. மலையில் பிரசவ காலம் எப்படிப் போகும் என்பது எனக்கு இனிமேல்தான் தெரியும். ஓஎச்எஸ்எஸ் பத்து நாள் பயம், இரத்த அழுத்தம் பல மாதக் கவனம். ஆனால் இரண்டாவதை இங்கேயே கோத்தகிரியில் அளந்து பார்த்து, ஏறுவதற்கு முன்பே இறங்கிப் போக நேரம் கிடைக்கும் என்பதால் என் முடிவை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பராமரிப்புச் செலவைப் பலர் முதலில் விசாரிப்பதில்லை. எங்களுக்கு ஐந்து கருக்கள் கிடைத்து, இரண்டைப் பயன்படுத்தி, மூன்று மீதம் இருக்கின்றன; ஆண்டுக்கு 15,000 ரூபாய் கட்டுகிறோம். இந்தச் சிகிச்சைகளுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ஆண்டுகள்வரை வைத்திருக்கலாம். கையெழுத்துப் போடும் முன், கட்டணம் தவறினால் என்ன செய்வார்கள், மருத்துவமனையை மாற்றினால் கருக்களைக் கொண்டுபோக அனுமதிப்பார்களா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எங்கள் கருக்கள் உறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு ஆகிறது. புதுப்பிக்கும் கடைசித் தேதி 27. மழை வலுக்கும் முன் வரும் திங்கட்கிழமையே இறங்கிப் போய்க் கட்டிவிட்டு, அப்படியே ஸ்கேனும் முடித்து வருவதாக இருக்கிறோம்.