ஜூனியர்: ஆர்னால்ட் பிள்ளை சுமந்த படம்

சுங்கை சிப்புட் பக்கம் மண்டபத்தில் மாதர் கூடிப் பார்க்கவோ, வீட்டில் கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கவோ ஓர் ஆங்கில நகைச்சுவைப் படம் வேண்டுமென்றால் 1994இல் வந்த ‘ஜூனியர்’ படத்தைத் தாராளமாக எடுக்கலாம். இயக்கம் ஐவன் ரைட்மன். ‘டுவின்ஸ்’, ‘கிண்டர்கார்டன் காப்’ படங்களுக்குப் பிறகு ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரோடு அவர் சேர்ந்த மூன்றாவது படம். ஏறக்குறைய 1 மணி 50 நிமிடம் ஓடும்.

கருச்சிதைவைத் தடுக்கும் மருந்தை ஆர்னால்டும் மகப்பேறு மருத்துவர் டேனி டிவிட்டோவும் உருவாக்குகிறார்கள். மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடமும் கைவிட்டுப் போகிறது. உறைய வைத்த கருமுட்டை ஒன்றை எடுத்து, ஆர்னால்டின் விந்தோடு சேர்த்து, அவர் வயிற்றிலேயே வைத்துவிடுகிறார் டிவிட்டோ. மூன்று மாதம் மட்டும் என்பதுதான் பேச்சு. கெடு முடிந்தபோது மனுஷனுக்குப் பிள்ளையை விட மனசில்லை.

மருத்துவத்தைப் படம் மேலோட்டமாகத்தான் தொடுகிறது. கருப்பைக்கு வெளியே வயிற்றறையில் கரு வளர்வது பெண்களுக்கே அரிதாக நேரும் ஆபத்து. நஞ்சுக்கொடி குடலிலோ சவ்விலோ ஒட்டிக்கொள்ளும். பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்கி இரத்தக் குழாய்களை இறுக்கும். வயிற்றறையில் அப்படிச் சுருங்க எதுவும் இல்லை. நஞ்சுக்கொடியைப் பிரித்தால் இரத்தம் கொட்டும்.

ஆர்னால்டின் நடிப்புதான் படத்தின் பலம். தன் தோல் எவ்வளவு மிருதுவாகிவிட்டது, தொட்டுப் பார் என்று டிவிட்டோவிடம் கேட்கும் இடத்தைக் கவனியுங்கள். முகத்தைக் கோணவில்லை, குரலை உயர்த்தவில்லை. சொல்வதை அப்படியே நம்பிச் சொல்கிறார். சிரிப்பு தானாக வருகிறது. கோல்டன் குளோப் பரிந்துரை சும்மா கிடைக்கவில்லை. ஆனால் பெண் வேடம் போட்டு கர்ப்பிணிகள் விடுதியில் அவர் தங்கும் பகுதி இழுவை.

பெரிய குறை வேறு. அந்தக் கருமுட்டை, விஞ்ஞானியாக வரும் எம்மா தாம்சன் தனக்காகச் சேமித்து வைத்தது. கேட்காமல் எடுத்துவிட்டார்கள். உண்மை தெரிந்ததும், இதையுமா எங்களிடமிருந்து பறிப்பீர்கள் என்ற ஆவேசத்தோடு அவர் வெடிக்கிறார். படத்திலேயே கனமான கட்டம் அதுதான். அதற்குரிய நேரத்தைக் கொடுக்காமல் சமாதானத்துக்கு ஓடிவிடுகிறது கதை. முன்னாள் மனைவி சுமக்கும் பிள்ளை தன்னுடையது இல்லை என்று தெரிந்தும் டிவிட்டோ தகப்பனாக நிற்பது இதைவிட நேர்த்தி.

நம் பாட்டிமார் இதைப் பார்த்தால் கேட்க நிறைய இருக்கும். நிறைமாத வயிற்றோடு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள், விடியுமுன் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடியவர்கள் அவர்கள். ஆர்னால்டுக்கோ வாந்தியும் அழுகையும் வருகின்றன, வேலைப்பளு இல்லை. கர்ப்பத்தின் பாதியைத்தான் படம் காட்டியிருக்கிறது. நம் மலேசியத் தொழிற்சட்டத்தில் 2023 முதல் தகப்பனுக்கு 7 நாள், தாய்க்கு 98 நாள் விடுப்பு. படம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஆண்களிடம் இந்தக் கணக்கைப் பேச்சில் இழுத்துவிடுங்கள்.

உடலைப் பற்றிய வெளிப்படையான பேச்சு இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். டிவிட்டோ கடகடவென்று பேசுவார், ஆர்னால்டின் ஆஸ்திரிய உச்சரிப்பும் சிலருக்குப் பிடிபடாது. மலாய் வசனவரி உள்ள பதிப்பா என்று முதலிலேயே ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.