ஃபோர்ஸ் மஜூர் விதியா, ஃப்ரஸ்ட்ரேஷன் கோட்பாடா?

ஒப்பந்தப்படி நடக்க முடியாமல் போனால் எதைப் பிடித்துக்கொள்வது? ஆங்கிலேயச் சட்டப்படி பார்ப்போம்.

எங்கிருந்து வருகிறது: ஃபோர்ஸ் மஜூர், வெள்ளம் போல கைமீறிய நிகழ்வு வந்தால் என்ன செய்வது என்று இரு தரப்பும் பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்ட விதி. ஃப்ரஸ்ட்ரேஷன், ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாதபடி நிலைமை மாறினால், எழுதாவிட்டாலும் நீதிமன்றம் ஏற்கும் கோட்பாடு.

நிரூபிப்பது: விதியில் வெள்ளம் என்று இருந்தால், வெள்ளத்தால்தான் வேலை தடைபட்டது என்று காட்ட வேண்டும். கோட்பாடு அவ்வளவு எளிதல்ல. 1863-இல் டெய்லர் எதிர் கால்டுவெல் வழக்கில், வாடகைக்குப் பேசிய இசை அரங்கமே எரிந்துபோனது, கடமை தீர்ந்தது. ஆனால் 1956-இல் சூயஸ் கால்வாய் மூடப்பட்டபோது, சூடான் நிலக்கடலையை ஹாம்பர்குக்கு அனுப்ப வேண்டிய விற்பனையாளர் தப்பவில்லை. ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயிருக்கலாமே என்றது, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை. செலவு எகிறுவது மட்டும் போதாது. கறார்தான், ஆனால் நியாயம்.

விளைவு: விதி கெடுவை நீட்டிக்கலாம், வேலையை நிறுத்திவைக்கலாம். கோட்பாட்டில் இடைநிலை கிடையாது. ஒப்பந்தம் தானாக முடிந்துவிடும்.

முன்பணம்: விதியில் எழுதியபடி. கோட்பாடு என்றால், இதற்கென்றே வந்த 1943 சட்டப்படி பொதுவாகத் திரும்பக் கேட்கலாம். எதிர்த்தரப்பு செய்த செலவை நீதிமன்றம் கழிக்கலாம்.

தாமதத்தைச் சமாளித்துத் தொழிலைத் தொடர நினைப்பவர்கள் விதியை விரிவாக எழுதிக்கொள்ளுங்கள். பொருளே அழிந்து, விதியும் இல்லையென்றால், அப்புறம் கோட்பாடுதான் கதி.