பானை, கோபுரம், பள்ளத்தாக்கு: பாலைவனத்தில் மூன்று கல்லூரிக் கட்டடங்கள்

பாலைவனத்தில் கல்லூரி கட்ட வருகிற கட்டடக் கலைஞர்கள் பெரும்பாலும் கையில் ஒரு படத்தோடு வருகிறார்கள். ஒருவரிடம் கள்ளிச்செடி இருக்கும், இன்னொருவரிடம் கரையான் புற்று, மற்றொருவரிடம் பாலைவன நாடோடிகளின் கூடாரம். படம் அழகாகத்தான் இருக்கும். ஆகஸ்ட் மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு வகுப்பிலிருந்து கேன்டீனுக்கு நடந்து போகிற பிள்ளைக்கு அந்தப் படத்தால் என்ன பிரயோசனம் என்று கேட்டால்தான் சரக்கு தெரியும்.

அந்தக் கேள்வியோடு மூன்று வளாகங்களை எடுத்துக்கொள்கிறேன். ஜெய்ப்பூரின் பேர்ல் அகாடமி, 2008. அபுதாபியின் மஸ்தார் இன்ஸ்டிடியூட், முதல் கட்டம் 2010. அமெரிக்காவின் டூசான் நகரில் அரிசோனா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல், இயற்கை வளத் துறைகளுக்கான ஈஎன்ஆர்2 கட்டடம், 2015. முதலாவது பல்கலைக்கழகம் இல்லை, ஃபேஷன் கல்லூரி. ஜெய்ப்பூரும் அசல் பாலைவனம் இல்லை, அதன் வாசற்படி. இருந்தாலும் இந்த வரிசையில் அதை விட மனசில்லை. ஏன் என்பது போகப் போகப் புரியும்.

அதற்கு முன் ஒரு ஏர் கூலர் கதை. சென்னையில் ஒரு கோடையில் ஏர் கூலர் வாங்கினேன். முதல் இரவு சுகமாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் தலையணை உறை நமத்துப் போயிருக்கிறது, கதவு பிடித்துக்கொண்டு திறக்க மறுக்கிறது. கடைக்காரரிடம் சொன்னால், “ஜன்னலைத் திறந்து வைங்க சார்” என்றார். திறந்து வைத்தேன், கடற்காற்றின் ஈரமும் உள்ளே வந்து சேர்ந்துகொண்டது. கடைசியில் அதை வேலூரில் இருக்கும் மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே ஏப்ரல் மாதத்தில் அது ஜில்லென்று ஓடியது.

தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். ஆனால் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் புதிதாக ஆவியாக இடம் கிடையாது. கணக்காகச் சொன்னால், 42 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 15 சதவீதமாக இருக்கும் ஊரில், தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டே காற்றை ஏறக்குறைய 22 டிகிரி வரை இறக்க வழியுண்டு. 35 டிகிரியும் 70 சதவீத ஈரமும் உள்ள ஊரில் என்ன செய்தாலும் 30-க்குக் கீழே போகாது. முதலாவது மே மாத ஜெய்ப்பூர் மாதிரியான ஊர், இரண்டாவது ஆகஸ்ட் மாத அபுதாபியின் மாலை நேரம். வரைபடத்தில் இரண்டையும் ஒரே பழுப்பு நிறத்தில் தீட்டிவிடுகிறோம்.

ஜெய்ப்பூர்: படிக்கிணறும் கவிழ்த்த பானையும்

பேர்ல் அகாடமியை மார்ஃபோஜெனிசிஸ் என்ற டெல்லி நிறுவனம் வடிவமைத்தது. ராஜஸ்தானத்தின் படிக்கிணறுதான் மூலக்கரு. நமக்கும் இது புதிதல்ல, காஞ்சிபுரம் பக்கம் அய்யங்கார்குளத்தில் இருக்கிற நடவாவிக் கிணற்றுக்குள் படியிறங்கியவர்களுக்கு அந்த நிழலும் குளுமையும் தெரிந்திருக்கும். இங்கே கட்டடத்தைத் தூண்களில் தூக்கி நிறுத்தி, அடியில் தரையைச் சுமார் 4 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளமாக இறக்கி, அங்கே படிகளோடு ஒரு குளம் அமைத்திருக்கிறார்கள். குளத்துக்கு நல்ல தண்ணீர் செலவாவதில்லை. வளாகத்தின் கழிவுநீரைச் சுத்திகரித்து விடுகிறார்கள். வறண்ட காற்று அதன் மேல் தவழ்ந்து, குளிர்ந்து, மேலே முற்றங்களுக்குள் ஏறுகிறது. பிள்ளைகள் கண்காட்சி வைப்பதும், அரட்டை அடிப்பதும், சாப்பிடுவதும் அந்தப் பள்ளத்தில்தான்.

வெளிச்சுவரைச் சுற்றி 4 அடி இடைவெளி விட்டு இன்னொரு தோல் போர்த்தியிருக்கிறார்கள். வடநாட்டு அரண்மனைகளில் கல்லில் துளைத்துச் செய்வார்களே, அந்த ஜாலி. நம்மூர் கொத்தனாரிடம் கேட்டாலும் ஜாலி என்றே சொல்வார். வெயில் முதலில் அதன் மேல் விழுந்து அங்கேயே சூடாகி நின்றுவிடும், உள்சுவர் வரை வராது. எந்தத் திசைச் சுவருக்கு எவ்வளவு நெருக்கமான ஓட்டை என்பதை நிழல் விழும் கோணத்தைக் கணினியில் பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது மொட்டைமாடி. தளத்தின் மேல் மண்பானைகளை வரிசையாகக் கவிழ்த்து அடுக்கி, இடைவெளிகளை மணலும் செங்கல் ஜல்லியும் போட்டு நிரப்பி மூடியிருக்கிறார்கள். பானைக்குள் அடைபட்ட காற்றுதான் வெப்பத் தடுப்பு. தெர்மோகோல் தேவைப்படவில்லை, உள்ளூர்க் குயவருக்கு வேலை கிடைத்தது. வெளியே 47 டிகிரி இருக்கும்போது உள்ளே 29 டிகிரி என்பது வடிவமைப்பாளர்கள் சொல்லும் கணக்கு. 2009 உலகக் கட்டடக்கலை விழாவில் சிறந்த கல்விக் கட்டடம் என்ற பரிசும் கிடைத்தது.

குறை இல்லாமல் இல்லை. ஜூலையில் பருவமழை வந்து காற்றில் ஈரம் ஏறிவிட்டால், அந்தக் குளம் என் ஏர் கூலர் மாதிரிதான். நிழலும் பானையும் அப்போதும் வேலை செய்யும், குளத்தின் பங்கு மட்டும் சுருங்கும். இன்னொரு தலைவலி ஜாலிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற அந்த 4 அடி. புறாவும் தூசியும் குடியேற அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. துடைக்க ஆள் வைக்காவிட்டால் எந்த ஜாலியும் பத்து வருடத்தில் அழுக்குத் திரையாகிவிடும்.

அபுதாபி: கோபுரம் வேண்டாம், சந்து போதும்

மஸ்தார் நகரம் 2006-இல் அறிவிக்கப்பட்டது. கரியமில வாயுவே வெளியிடாத நகரம், செலவு 2,200 கோடி டாலர், 2016-க்குள் முடிந்துவிடும் என்றெல்லாம் சொன்னார்கள். முடியவில்லை. தெருவையே தூக்கி மேலே வைத்து, அடியில் ஓட்டுநர் இல்லாத குட்டிக் கார்களை ஓடவிடும் திட்டமும் சோதனை ஓட்டத்தோடு நின்றது. ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் வடிவமைத்த கல்லூரிப் பகுதி முதலில் எழுந்தது. மஸ்தார் இன்ஸ்டிடியூட் பிறகு 2017-இல் கலீஃபா பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது.

எல்லாப் புகைப்படங்களிலும் வருவது முற்றத்தில் நிற்கும் 45 மீட்டர் காற்றுக் கோபுரம். வளைகுடாவின் பழைய வீடுகளில் இருந்த பர்ஜீலின் புதிய அவதாரம். உச்சியில் இருக்கும் தகடுகள் காற்றடிக்கும் திசை பார்த்துத் திறக்கும், மற்ற பக்கம் மூடிக்கொள்ளும். மேலே பனித்துளி போலத் தண்ணீர் தெளிக்கும், குளிர்ந்த காற்று உள்ளே இருக்கும் துணிக்குழாய் வழியாகக் கீழே இறங்கும். கேட்கும்போது ஆசையாக இருக்கிறது. ஆனால் ஈரம் ஏறிய ஆகஸ்ட் மாலையில் தண்ணீர் தெளித்து என்ன ஆகப்போகிறது? காற்று முகத்தில் படும், கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். வறண்ட வசந்த காலத்தில் அது உதவும் என்பதை மறுக்கவில்லை. வருடத்தில் எந்த மாதத்துக்கு நிவாரணம் வேண்டுமோ அந்த மாதத்தில் கைவிடுகிறது என்பதுதான் என் புகார்.

உண்மையில் அங்கே வேலை செய்வது யாரும் படமெடுக்காத விஷயங்கள். தெருக்கள் ஒடுங்கிய சந்துகள், ஒரு பக்கக் கட்டடத்தின் நிழல் எதிர்ச் சுவரில் விழும் அளவுக்கு. வடகிழக்கு–தென்மேற்காகச் சாய்த்துப் போட்டதால் எந்நேரமும் ஏதோ ஒரு ஓரத்தில் நிழல் உண்டு. மாடியில் பதித்த சோலார் பலகைகள் சுவரைத் தாண்டி நீண்டு, அவையும் குடை பிடிக்கின்றன. விடுதிச் சுவர்களில் மஷ்ரபியா என்ற அரபு மரச்சட்டத் திரை ஜன்னல் பாணியில் அலை அலையாக வளைந்த, மணல் நிறத் திரைகள். ஆய்வகச் சுவர்களிலோ காற்றடைத்த மெத்தைகள், வெயிலை உள்ளே விடாமல் வெளிச்சத்தை மட்டும் தெருவுக்குத் தள்ளிவிடுகின்றன. அமீரகத்தின் சராசரிக் கட்டடத்தோடு ஒப்பிட்டால் மின்சாரமும் குடிநீரும் ஏறக்குறைய பாதிதான் செலவாகிறது என்று வடிவமைப்பாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அந்தப் பெருமையில் கோபுரத்துக்கு எவ்வளவு, நிழலுக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்தால், நான் முக்கால்வாசியை நிழலுக்கே எழுதுவேன்.

பக்கத்து நாடான சவுதி அரேபியாவில், செங்கடல் ஓரம் துவல் என்ற ஊரில் 2009-இல் திறந்த கிங் அப்துல்லா பல்கலைக்கழகமும் கோபுரம் வைத்திருக்கிறது. அதன் போக்கு நேர்மாறானது. வெயிலில் சூடாகும் கோபுரத்துக்குள் காற்று மேலேறி ஓடும்போது, அடியில் நிழலான முற்றங்கள் வழியாகக் கடற்காற்றை இழுத்துக்கொள்ளும். குளிர வைப்பேன் என்று வாக்குக் கொடுக்காமல், காற்றை நகர்த்துவேன் என்கிறது. கடலோரத்துக்கு இதுதான் கொஞ்சம் நேர்மையான கோபுரம். கட்டடங்களின் தலைக்கு மேல் நாடோடிக் கூடாரம் மாதிரி விரிந்திருக்கும் பெரிய கூரைதான் அங்கேயும் உண்மையான உழைப்பாளி.

நிழலைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் கட்டட வேலை செய்யக்கூடாது என்று சட்டம். பசுமைக் கட்டட விருதுகளுக்கு எத்தனையோ அளவுகோல் உண்டு, கட்டுகிறவன் நின்ற வெயிலை அளக்கும் கோல் பெரிதாகக் கண்ணில் பட்டதில்லை.

டூசான்: பள்ளத்தாக்கு

அரிசோனாவில் மழைவெள்ளம் பாறையை அறுத்து அறுத்து ஆளுயரத்தைவிடப் பல மடங்கு ஆழமான ஒடுங்கிய இடுக்குகளை உண்டாக்கியிருக்கிறது. உச்சி வெயில் அடி வரை சில நிமிடங்கள்தான் எட்டிப் பார்க்கும். ஈஎன்ஆர்2 அந்த இடுக்கைத்தான் எடுத்துக்கொண்டது. ஐந்து மாடிக் கட்டடத்தின் நடுவில் வளைந்து நெளிந்து ஒரு திறந்த முற்றம், இருபுறமும் அலையாக வளையும் மாடங்கள், அவற்றில் பாலைவனச் செடிகள்.

மூன்றில் இயற்கையை வடிவத்திலேயே அப்படியே காப்பியடித்தது இதுதான். எனக்கு வழக்கமாக அது சந்தேகத்தைக் கிளப்பும். இங்கே தப்பித்துவிட்டார்கள், ஏனென்றால் பள்ளத்தாக்கின் உருவமும் அதன் வேலையும் ஒன்றுதான்: நிழல். இன்னொரு கெட்டிக்காரத்தனம், நடைபாதைகளை வெளியிலேயே விட்டுவிட்டார்கள். அறையை விட்டு வந்தால் ஏசி இல்லாத, நிழலான மாடத்தில் நடக்க வேண்டும். யாரும் உட்காராத தாழ்வாரத்தை நாளெல்லாம் குளிரூட்டும் செலவு இதனால் மிச்சம். நம் பழைய பள்ளிக்கூடங்களின் தாழ்வாரம் இதே யோசனைதான். கண்ணாடி போட்டு அடைத்து ஏசி மாட்டும் பழக்கம் பிறகு வந்தது.

தண்ணீரில்தான் டூசான் மற்ற இரண்டையும் முந்துகிறது. ஊரின் ஆண்டு மழை 280 மில்லிமீட்டர் அளவு, சென்னையின் ஐந்தில் ஒரு பங்கு. அந்த மழையைப் பிடித்து வைக்க 52,000 கேலன் தொட்டி கட்டியிருக்கிறார்கள். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பதினாறு வந்து ஊற்றினால்தான் அது நிரம்பும். செடிகள் அதைக் குடித்து வளர்கின்றன.

கள்ளி உண்மையில் என்ன செய்கிறது

டூசானைச் சுற்றி நிற்கும் சகுவாரோ கள்ளிக்கு உடம்பெல்லாம் மடிப்பு. ஒரு மடிப்பின் நிழல் அடுத்த மடிப்பில் விழும். அதைப் பார்த்துச் சுவருக்கு மடிப்பு வைப்பது நல்லதே. ஆனால் கள்ளியின் பெரிய வித்தை கண்ணுக்குத் தெரியாது: அது பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் மூச்சு விடும். கட்டடத்தில் அதைச் செய்வதென்றால் பகலில் இறுக்கி மூடி, இரவில் திறந்து, சுவரில் சேர்ந்த சூட்டை வெளியேற்ற வேண்டும். டூசானில் ஜூன் மாதம் பகல் 38 டிகிரி என்றால் இரவு 20 பக்கம் இறங்கும், அங்கே இது பலிக்கும். ஆகஸ்ட் இரவிலும் 30 டிகிரியில் கசகசவென்று நிற்கும் அபுதாபியில் ஜன்னலைத் திறந்தால் என் கடைக்காரர் சொன்ன யோசனை மாதிரிதான் ஆகும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? கையில் காசு குறைவு, ஊர் கடலிலிருந்து தள்ளி இருக்கிறது என்றால் யோசிக்காமல் ஜெய்ப்பூர். அங்கே பழுதானால் சரிசெய்ய ஒரு கொத்தனாரும் குயவரும் போதும். மழை கொஞ்சமாவது பெய்யும் உள்நாட்டுப் பாலைக்கு டூசானின் தாழ்வாரத்தையும் தொட்டியையும் சேர்த்துக்கொள்ளலாம். கடலோர வளைகுடா என்றால் மஸ்தாரின் சந்துகளையும் திரைகளையும் வைத்துக்கொண்டு, கோபுரத்தை விட்டுவிடுவேன்.

அங்கே ஏசி இல்லாமல் முடியாது என்று ஒப்புக்கொண்டு, அந்த ஏசியிடமே வேலை வாங்கலாம். ஆவியாக விடாமல் நம்மைத் தோற்கடித்த அதே ஈரம், ஏசி சுருளில் பட்டுத் தண்ணீராகச் சொட்டுகிறது. ஒட்டகம் மூச்சை வெளியே விடும்போது மூக்கிலேயே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது போன்ற ஏற்பாடு. அரிசோனா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைக் கல்லூரி 2007 வாக்கிலேயே தன் ஏசி தண்ணீரைத் தொட்டியில் சேர்த்துப் பாலைவனத் தோட்டம் போட்டது. டூசானின் வறண்ட காற்றிலேயே இது முடிகிறது என்றால் அபுதாபியில் எவ்வளவு சொட்டும்! வளைகுடாவில் அறையெடுத்துத் தங்கிய நம்மவர்களுக்கு இதற்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. பால்கனியில் ஏசி குழாய்க்கு அடியில் பெயின்ட் வாளி, வாளிக்குப் பக்கத்தில் கறிவேப்பிலைச் செடி.