கடலூர் வீட்டிலிருந்து புதுச்சேரிக் கடைக் கணினி: எக்ஸ்ஆர்டிபி பயன்பாட்டு அனுபவம்

எங்கள் டிடிபி கடை புதுச்சேரி முதலியார்பேட்டையில், வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். கடையில் உள்ள பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டு, அதில் எக்ஸ்ஆர்டிபி (வேறு கணினியிலிருந்து நுழைந்து வேலை பார்க்க உதவும் நிரல்) வைத்துச் சில வருஷங்களாக ராத்திரி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன்.

நிறுவுவதில் பெரிதாக ஒன்றுமில்லை. மென்பொருள் நிறுவும் ஏபிடி கருவியில் ஒரே கட்டளை; சேவை தானே தொடங்கி, இணைப்புகள் நுழையும் 3389 என்ற போர்ட்டில் காத்திருக்கும். விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன் ஏற்கெனவே இருக்கிறது, லினக்ஸ் லேப்டாப் என்றால் ரெம்மினா என்ற நிரல் போதும்.

தலைவலி அப்புறம்தான். கடையில் வேலை பார்க்கும் தம்பி மானிட்டர் முன்னால் ஒரு பயனர் பெயரில் நுழைந்திருப்பார். அதே பெயரில் நான் வீட்டிலிருந்து நுழைந்தால் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளும், கருப்புத் திரை வரும், உடனே இணைப்பு அறுந்துவிடும். இதற்கு நெட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். விஷயம் இதுதான்: எக்ஸ்ஆர்டிபி அங்கே திரையில் ஓடுவதைக் காட்டாது, தனியாகப் புது அமர்வு (செஷன்) ஒன்றைத் திறக்கும். ஒரே பயனருக்கு ரெண்டு டெஸ்க்டாப் அமர்வு ஒத்துவராது. எனக்கென்று தனிக் கணக்கு போட்டு, வேலைக் கோப்புறையை மட்டும் பொதுவாக்கியதும் சரியாகிவிட்டது. தம்பியின் திரையையே பார்த்து, "இந்தப் பட்டனை அமுக்குப்பா" என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு, ஓடும் திரையை அப்படியே காட்டும் விஎன்சிதான் சரி.

தமிழ்த் தட்டச்சுக்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். வீட்டு லேப்டாப் ஆங்கில விசைப்பலகையிலேயே இருக்கட்டும். தமிழ்99 விசைப்பலகை அமைப்பைக் கடைக் கணினியின் ஐபஸில் (பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் நிரல்) வைக்கிறேன். ரெண்டு பக்கமும் தமிழில் வைத்தால் எழுத்து கந்தல்தான். ஐபஸைத் தொடக்க நிரல்களில் சேர்த்துவிட்டால் தொலை அமர்விலும் தானே எழுந்துகொள்ளும்.

ரௌட்டரில் 3389-ஐத் திறந்துவிடச் சொல்லும் ஆலோசனையை மட்டும் கேட்காதீர்கள். இணையத்தில் திறந்து கிடக்கும் அந்தப் போர்ட்டைத் தேடிக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கத் தானியங்கி நிரல்கள் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நான் டெயில்ஸ்கேல் வழியாகத்தான் போகிறேன்; நம் கணினிகளை மட்டும் இணைக்கும் தனி வலையமைப்பு அது. வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய பொது ஐபி முகவரி தராத பிராட்பேண்டிலும் அது வேலை செய்யும். எஸ்எஸ்ஹெச் சுரங்கம் (மறையாக்கம் செய்த இணைப்பு வழி) அமைக்கத் தெரிந்தவர்களுக்கு அதுவும் நல்ல வழி.

நம் கரையோரத்தில் கரண்டை நம்ப முடியாது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது எந்தத் தொலை இணைப்பும் உதவவில்லை. ஆனால் கரண்ட் வந்ததும் கணினி தானே எழுந்துகொண்டது; பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளில்) மின்சாரம் திரும்பினால் இயங்கும்படி அமைத்திருந்தேன். தொலை இணைப்பின் ஜன்னலைத் திரையில் மூடிவிட்டுப் போனால் அமர்வு அப்படியே காத்திருக்கும், மறுபடி நுழைந்ததும் பாதியில் விட்ட பக்கம் கிடைக்கும். கணினியே அணைந்தால் சேமிக்காததெல்லாம் போச்சு. அதனால் யுபிஎஸ் அவசியம்.

பக்க வடிவமைப்புக்கான ஸ்க்ரைபஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாம் மொபைல் ஹாட்ஸ்பாட்டிலும் ஓரளவு ஓடும். வேகம் போதாவிட்டால் நிறத்தை 16 பிட்டாகக் குறைக்கலாம். அட்டை வண்ணத்தை அந்த நிலையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். ஒலிக்குத் தனி மாட்யூல் சேர்க்க வேண்டும், நான் சேர்க்கவில்லை. வீடியோ வேலைக்கு இது லாயக்கில்லை.