அட்டையில் மட்டும் பெண்களுக்கான ஆய்வு வேதாகமம்

பெண்கள் வேதபாடக் குழு ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். குழுவிலுள்ள சகோதரிகள் மாதந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தந்த பணத்தில் பன்னிரண்டு பிரதிகள் வாங்கி ஏமாந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். என் சொந்தப் பணமாக இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். பிறர் பணம் என்பதாலும், அதே வேதாகமத்தைப் பரிந்துரைத்து எனக்கு இன்றும் செய்திகள் வந்துகொண்டிருப்பதாலும், நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுவது என் கடமை என்று எண்ணுகிறேன்.

விளம்பரத்தில் சொல்லப்பட்டவை மூன்று. பெண்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட ஆய்வு வேதாகமம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் குறிப்புகள். வேதாகமத்தில் வரும் ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் விளக்கம். கூடவே நான்கைந்து உட்பக்கங்களின் படங்களும் இருந்தன. எல்லாமே ரூத், எஸ்தர் ஆகிய இரண்டு புத்தகங்களின் முன்னுரைப் பக்கங்கள் என்பதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். அறுபத்தாறு புத்தகங்களில் பெண்களின் பெயரைத் தாங்கியவை அந்த இரண்டு மட்டுமே. பெண்களுக்கான வேதாகமம் என்று எதைத் தயாரித்தாலும் அங்கே எவரும் உழைத்துத்தான் வைத்திருப்பார்கள். மற்ற இடங்களில் என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றாதது என் பிழை.

பெட்டி வந்து சேர்ந்த மாலையில் எங்கள் குழு ரோமருக்கு எழுதின நிருபத்தின் இறுதி அதிகாரத்தைப் படிப்பதாக இருந்தது. பதினாறாம் அதிகாரத்தில் பவுல் பெயர் சொல்லியும் சொல்லாமலும் பத்துப் பெண்களைக் குறிப்பிடுகிறார். முதல் வசனத்திலேயே பெபேயாள் வருகிறாள். அவளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத்தான் பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு ‘உதவிக்காரர்’ என்று சபைப் பொறுப்பாளர்களுக்குரிய பெயராகத் தருகிறது. பெபேயாளிடத்திலோ அதே சொல் ‘ஊழியக்காரி’ என்று வருகிறது. ஏழாம் வசனத்திலுள்ள யூனியா ஆணா பெண்ணா என்பது அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்ட கேள்வி. நான்காம் நூற்றாண்டின் திருச்சபைப் பிரசங்கியார் கிரிசோஸ்தம் அவளைப் பெண்ணாகவே படித்துப் புகழ்ந்திருக்க, பிற்காலப் பதிப்புகள் சில அந்தப் பெயரை ஆண்பெயராக மாற்றி அச்சிட்டன. ஆய்வு வேதாகமம், அதுவும் பெண்களுக்கானது, வாய் திறக்க வேண்டிய இடம் வேறு எது?

நாங்கள் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திருப்பினோம். பதினைந்தாம் அதிகாரத்தோடு குறிப்புகள் நின்றுவிட்டன. பதினாறாம் அதிகாரத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் பூங்கொடி ஓரம் வைத்த வழவழப்பான தாள் ஒன்று இருந்தது. அதில் பரபரப்பான காலைப்பொழுதில் மனதை அமைதியாக வைத்துக்கொள்வது எப்படி என்று இருபது வரிகள். அந்த இருபது வரிகளில் எனக்குக் குறையில்லை, நல்ல அறிவுரைதான். ஆனால் அதைத் தினதியானப் புத்தகம் என்று சொல்லி விற்றிருக்க வேண்டும். ஆய்வு வேதாகமம் என்பது வசனத்துக்கு அடியில் நின்று, அந்தச் சொல் ஏன் அங்கே வந்தது, எழுதியவர் யாருக்கு எழுதினார், அக்காலத்து வழக்கம் என்ன என்று விளக்குவது. தியான வேதாகமம் வசனத்திலிருந்து ஒரு சிந்தனையை எடுத்து வாசிப்பவரின் அன்றாட வாழ்வோடு சேர்ப்பது. இரண்டும் வேண்டியவையே, ஒன்றின் பெயரில் மற்றொன்றை விற்பதுதான் மோசடி, இதில் அதுதான் நடந்திருந்தது.

ஆயிரம் குறிப்புகள் எங்கே போயின என்று பார்க்க அடுத்த நாள் உட்கார்ந்து எண்ணினேன். சாதாரண வேதாகமங்களிலும் பக்கத்தின் ஓரத்தில் இருக்கும் ஒத்துவாக்கியங்களை, அதாவது அதே கருத்துள்ள வேறு வசனங்களின் எண்களை, ஒவ்வொன்றாகக் கணக்கில் சேர்த்தால்தான் அந்தத் தொகை வந்தது. விளக்கம் என்று சொல்லத்தக்கவை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இருந்த விளக்கங்களையும் எவரோ ஆங்கிலத்திலிருந்து இயந்திரத்தின் கையில் கொடுத்து மாற்றியிருக்கிறார்கள், பிறகு ஒரு மனிதர்கூட வாசித்துப் பார்க்கவில்லை. எண்ணாகமம் 27-இல் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயின் முன் நின்று, ஆண்பிள்ளை இல்லாததால் எங்கள் தகப்பனின் பேர் ஏன் அற்றுப்போக வேண்டும் என்று கேட்டுச் சொத்துரிமை பெறும் பகுதிக்கு ஒரு குறிப்பு இருந்தது. மகிழ்ச்சியோடு வாசித்தேன். அதன் முடிவில் ‘மேலும் பார்க்க: வேலை 42:15’ என்று அச்சிட்டிருந்தார்கள். வேலை என்றொரு புத்தகம் வேதாகமத்தில் எங்கே இருக்கிறது என்று எங்கள் குழுவின் மூத்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது: யோபுவின் பெயரும் வேலை என்ற சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளால் எழுதப்படுபவை. யோபு தன் மூன்று குமாரத்திகளுக்கும் அவர்களுடைய சகோதரர் நடுவிலே சுதந்தரம் கொடுத்ததைச் சொல்லும் அருமையான ஒத்துவாக்கியம் அது; இயந்திரம் அதைப் புதைத்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால் வருந்திய ஸ்திரீயைப் பற்றிய குறிப்பு ‘குறி 5:25’ என்று தொடங்கியது. ஆங்கிலத்தில் ‘மார்க்’ என்று எழுதப்படும் மாற்குவுக்கு வந்த கதி அது. நாங்கள் சிரித்துவிட்டோம் என்பதை மறைக்கவில்லை; ஆனால் அந்த மாலையின் கடைசிச் சிரிப்பு அதுதான்.

வேதவசனம் ஒரு மொழிபெயர்ப்பிலும் குறிப்பு வேறொரு மொழிபெயர்ப்பை நம்பியும் இருந்ததால் நேர்ந்த குழப்பம் இன்னொன்று. ரூத் 3:11-க்கான குறிப்பு, இந்த வசனத்தில் ‘உன்னதமான பண்பு’ என்ற சொற்களை அடிக்கோடிடுங்கள் என்று சொல்கிறது. மேலே உள்ள வசனத்தில் அப்படி இரண்டு சொற்களே இல்லை. அங்கே இருப்பது ‘நீ குணசாலி’ என்பது. இதில் எனக்கு மிகுந்த வருத்தம். ஏனென்றால் நம் பழைய மொழிபெயர்ப்பு இந்த இடத்திலும், நீதிமொழிகள் 31:10-இலும், ‘குணசாலி’ என்ற ஒரே சொல்லை வைத்து மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொற்றொடர்தான் இருக்கிறது என்பதைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. அந்த எபிரெயச் சொல் வலிமை, வீரம், திறமை என்ற பொருளெல்லாம் உடையது. நியாயாதிபதிகள் 6:12-இல் கிதியோனைத் தூதன் ‘பராக்கிரமசாலியே’ என்று அழைக்கும்போதும் அதே சொல்தான் அடிப்படை. நீதிமொழிகளின் அந்தக் கடைசி 22 வசனங்கள் எபிரெய எழுத்துகள் இருபத்திரண்டின் வரிசையில் ஒவ்வொன்றாகத் தொடங்கும் கவிதை என்பதையும், ஒரு பராக்கிரமசாலியான பெண்ணுக்குப் பாடிய பாட்டாக அதை வாசிக்கலாம் என்பதையும் சொல்லாமல், அதிகாலையில் எழுந்து சமைப்பவளே நல்ல மனைவி என்ற அளவில் குறிப்பு முடிந்துவிட்டது. அந்தப் பெண் வயலை விசாரித்து வாங்கியதும், திராட்சத்தோட்டம் நட்டதும், கச்சைகளை வர்த்தகரிடம் விற்றதும் குறிப்பெழுதியவரின் கண்ணில் படவே இல்லை.

இவை அனைத்தையும் அஜாக்கிரதை என்று மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது லூக்கா 8:2-க்கு எழுதிய குறிப்பு. மகதலேனாள் மரியாள் முன்பு விபசாரியாக இருந்து மனந்திரும்பியவள் என்று அங்கே தயக்கமில்லாமல் எழுதியிருக்கிறார்கள். நான்கு சுவிசேஷங்களில் ஒன்றும் அவளை அப்படிச் சொல்லவில்லை. ஏழு பிசாசுகள் அவளை விட்டு நீங்கின என்பதும், தன் ஆஸ்தியால் இயேசுவுக்கு ஊழியம் செய்த பெண்களில் ஒருத்தி அவள் என்பதுமே லூக்கா சொல்பவை. முந்திய அதிகாரத்தில் பரிமளதைலம் பூசிய, பெயர் சொல்லப்படாத பாவியான ஸ்திரீயோடு இவளைச் சேர்த்துப் பேசும் பழக்கத்தை மேற்குத் திருச்சபையில் உறுதிப்படுத்தியது 591-இல் போப் முதலாம் கிரகோரி ஆற்றிய பிரசங்கம். கத்தோலிக்கத் திருச்சபையே 1969-இல் தன் திருவழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது அந்த இணைப்பைக் கைவிட்டது. உயிர்த்தெழுந்தவரை முதலில் கண்டு சீஷர்களிடம் போய்ச் சொன்னவளின்மேல் இல்லாத பழியை, பெண்களுக்கென்று அச்சிட்ட வேதாகமத்திலேயே, ஆதாரமில்லாமல் சுமத்தினால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இந்தக் குறிப்புகளை எழுதியவர் யார் என்று தேடினேன். தலைப்புப் பக்கத்திலும் இல்லை, அதன் பின்பக்கத்திலும் இல்லை, முன்னுரையின் அடியிலும் ‘பதிப்பாளர்’ என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. பொறுப்பேற்க ஒரு பெயர் இல்லாத குறிப்புக்கு நான் பணம் கொடுத்திருக்கிறேன்.

தயாரிப்பைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. தாள் மறுபக்கத்து எழுத்துகள் நிழலாகத் தெரியுமளவு மெல்லியது. வேதாகமத் தாள் மெல்லியதாகத்தான் இருக்கும் என்றாலும், இதில் வண்ணப் பேனாவால் கோடிட்டால் அடுத்த பக்கத்துக்கும் இறங்கியது. குறிப்புகளின் எழுத்து மிகச் சிறியது; மூத்த அம்மாவால் அவற்றை வாசிக்கவே முடியவில்லை, ஆகையால் எங்களில் தவறான விளக்கத்திலிருந்து தப்பியவர் அவர் ஒருவரே. பக்கங்களை நூலால் தைக்காமல் முதுகில் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். ஆதியாகமத்தில் திறந்து மேசைமேல் வைத்தால் தானாக மூடிக்கொள்ளும், அழுத்திப் பிடித்தால் முதுகில் வெடிப்பு விழும். இரண்டு மாதத்தில் மூன்று பிரதிகளிலிருந்து தாள்கள் கழன்றன.

விற்பனையாளரிடம் தொலைபேசியில் பேசினேன். மரியாதையாகவே பேசினார். “உறை பிரித்த வேதாகமத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை, சிஸ்டர். அதுவுமல்லாமல், கர்த்தருடைய வார்த்தையில் நாம் குறை சொல்லலாமா?” என்றார். கர்த்தருடைய வார்த்தையில் நான் குறை சொல்லவில்லை ஐயா, அதற்குக் கீழே பெயரில்லாமல் யாரோ எழுதியதைத்தான் சொல்கிறேன் என்றேன். பிரார்த்தனை செய்கிறோம் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். உறையைப் பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை, பிரித்தால் திருப்பித் தர வழியில்லை. பக்திப் பொருள் என்ற மரியாதை இந்த வியாபாரத்துக்கு நல்ல அரணாக அமைந்துவிடுகிறது.

பிறகு ஒரே ஒரு பிரதி வேறொன்று வாங்கினோம். இம்முறை ஏற்கெனவே வைத்திருந்த ஒருவரிடம் இரவல் பெற்று ஒரு வாரம் வாசித்தபின்பே. நான் முதலில் திருப்பியது ரோமர் 16. அடுத்து 2 இராஜாக்கள் 22; ஆலயத்தில் கண்டெடுத்த நியாயப்பிரமாண புஸ்தகத்தைப் பற்றிக் கர்த்தரிடம் விசாரிக்க யோசியா ராஜா அனுப்பிய ஆட்கள் உல்தாள் என்ற பெண் தீர்க்கதரிசியிடம் போனதற்கு விளக்கம் இருக்கிறதா என்று பார்த்தேன். யோவான் 7:53 முதல் 8:11 வரையுள்ள, விபசாரத்தில் பிடிபட்ட ஸ்திரீயின் பகுதி மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் காணப்படவில்லை என்பதைக் குறிப்பு நேர்மையாகச் சொல்கிறதா என்று பார்த்தேன். பெண் உபதேசிக்க இடங்கொடுப்பதில்லை என்று சொல்லும் 1 தீமோத்தேயு 2:12-இல் அதிக நேரம் செலவிட்டேன். பெண்கள் உபதேசிப்பது குறித்துச் சபைகள் ஒத்த கருத்தில் இல்லை. குறிப்பெழுதுபவருக்கும் ஒரு நிலைப்பாடு இருக்கும், இருக்கட்டும். ஆனால் அது தம் நிலைப்பாடு என்று ஒப்புக்கொண்டு, மறுதரப்பு எப்படி வாசிக்கிறது என்பதையும் சில வரிகளில் தருகிறாரா, 1 கொரிந்தியர் 11:5-இல் பெண்கள் ஜெபம்பண்ணுவதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் பவுல் இயல்பாக எடுத்துக்கொள்வதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறாரா என்பதில் அவருடைய நாணயம் தெரிந்துவிடும். கத்தோலிக்கச் சகோதரிகள் 73 புத்தகங்களும் அதில் இருக்கின்றனவா என்று தவறாமல் கேட்க வேண்டும். அறுபத்தாறுக்கு மேல் அவர்களுடைய வேதாகமத்தில் உள்ளவற்றில் ஒன்றான, பெண்ணின் பெயரைத் தாங்கிய யூதித்து நூல் இல்லாத பதிப்பு அவர்களுக்குக் குறைப்பதிப்பே.

இரவல் பிரதியின் அட்டை பழுப்பு நிறம். அதில் பூ ஒன்றும் இல்லை, பெண்களுக்கென்று எங்கும் எழுதவும் இல்லை. பெபேயாளுக்கு அதில் ஒன்பது வரிக் குறிப்பு இருந்தது, அதை எழுதியவர்களின் பெயர்ப் பட்டியல் முன்பக்கத்திலேயே இருந்தது. அதையே வாங்கினோம்.

பழைய பன்னிரண்டையும் என்ன செய்வது என்பது இன்னும் தீரவில்லை. வேதாகமத்தைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வரவில்லை, அந்தக் குறிப்புகளோடு இன்னொருவருக்குக் கொடுக்கவும் மனம் ஒப்பவில்லை. இப்போதைக்கு லூக்கா எட்டாம் அதிகாரத்தின் அடியில் உள்ள அந்த ஆறு வரிகளின்மேல் பன்னிரண்டிலும் பென்சிலால் குறுக்குக் கோடு இழுத்து, அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன். பதிப்பாளருக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. மூன்றாவதைப் பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டு நேற்று அனுப்பினோம்.